ஐந்து புள்ளி பத்து

உயரத்தையும் எடையையும் போட்டால் பி.எம்.ஐ. எண்ணைக் கணக்கிட்டு, ஆள் ஒல்லியா, குண்டா, சரியா என்று சொல்லும் சின்ன புரோகிராம் அது. எங்கள் சர்ச்சில் நடக்கும் மருத்துவ முகாமுக்காக என் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தது, பழைய விஷுவல் பேசிக்கில். அதன் பிறகு அவர் வளைகுடாவுக்கு ஸ்டோர் கீப்பராகப் போய்விட்டார். மூன்று வருடம் ஆகிறது. அந்தக் கம்ப்யூட்டரும் இந்த மழைக்காலத்தில் மண்டையைப் போட்டுவிட்டது. "டீச்சர், போன்லயே பாக்குத மாதிரி செஞ்சு தாங்களேன்" என்று முகாம் நடத்துகிறவர்கள் கேட்டார்கள். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஜாவாஸ்கிரிப்டில் மாற்றித் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டேன்.

நல்லவேளை, புரோகிராமை அச்செடுத்து ஃபைலில் வைத்திருந்தார். ஓரத்தில் பென்சிலில் அவருடைய சாய்ந்த எழுத்து. போனில் குரல் வரும், கையெழுத்து வராது. வேலையை விட்டுவிட்டு அதையே கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் டீச்சர் புத்தி முழித்துக்கொண்டது. உயரத்தை வாங்குவதற்கு மட்டும் இருபது வரி எழுதியிருந்தார். புள்ளிக்கு முன்னால் இருப்பதைத் தனியாக வெட்டி, பின்னால் இருப்பதைத் தனியாக வெட்டி, ஏகப்பட்ட சுற்று. பேச்சிலும் மனிதர் அப்படித்தான். மார்க்கெட் போனேன் என்று சொல்ல வண்ணார்பேட்டை வழியாகப் போய் வருவார். நான் அந்த இருபதையும் தூக்கிவிட்டு ஒரே வரியில் முடித்தேன். பெருமையாக இருந்தது.

சோதித்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அவருக்கே போன் போட்டு, புரோகிராமை மாற்றி எழுதுவதைச் சொன்னேன். ரெண்டு மாதமாக, அவர் தங்கியிருக்கும் கேம்ப்பில் நெட் சரியில்லை என்று வீடியோவில் வருவதில்லை, வெறும் பேச்சுதான். அவர் உயரம் எனக்கு மனப்பாடம், ஐந்தடி பத்து அங்குலம். எடை விஷயத்தில் நான் மக்கு. அரிசி மூட்டை இருபத்தைந்து கிலோ என்பதைத் தவிர எதுவும் மனசில் நிற்காது.

"உங்க எடை எவ்வளவு?"

கொஞ்சம் யோசித்தார். "ஸ்டோர் தராசுல ஏறி நின்னேன். அம்பத்தாறு."

நம் ஊர் வழக்கப்படி 5.10 என்று அடித்தேன். 23.2 என்று வந்தது. பச்சை எழுத்தில், 'சரியான எடை'.

"இருபத்தி மூணு! கச்சிதமாத்தான் இருக்கிய. மெஸ் சாப்பாடு ஒத்துக்கிட்டுன்னு சொல்லுங்க" என்று கேலி செய்து சிரித்தேன்.

"அப்படியா சொல்லுது? சரிளா" என்றார்.

போனை வைத்ததும் கோபம் வந்தது. நான் இங்கே ஒற்றை ஆளுக்கு உலை வைத்து, அதிலும் பாதியை மிச்சம் வைக்கிறேன். இந்த மனிதர் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாராம். எனக்கு இருக்கிற ஏக்கத்தில் கால்வாசியாவது அவருக்கு இருக்கக் கூடாதா என்று இருந்தது.

சனிக்கிழமை முகாம். சர்ச் ஹாலில் வரிசை. எங்கள் கோயில்பிள்ளை, அதாவது சர்ச்சில் மணி அடிக்கிறவர், நெட்டைக்கொக்கு. ஐந்தடி பதினோரு அங்குலம், அறுபத்து நாலு கிலோ. போட்டதும் 'அதிக எடை' என்று வந்தது. ஹாலே சிரித்தது.

"ஏம்மா டீச்சர், எலும்ப எண்ணிரலாம், என்னயப் போயி குண்டன்னு சொல்லுதே!"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. பையில் இருந்த ஃபைலை எடுத்துப் புரட்டினேன். நான் தூக்கி எறிந்த இருபது வரிக்குப் பக்கத்தில், அன்று தடவிப் பார்த்தேனே தவிர நான் படிக்காத அந்தப் பென்சில் எழுத்து: 'நம்ம ஆளுங்க அஞ்சடி பத்தை 5.10 என்றுதான் எழுதுவார்கள். மிஷினுக்கு அது 5.1, அதாவது அஞ்சடி ஒரு அங்குலம் சொச்சம். பிரித்து வாங்கு.'

அங்கேயே உட்கார்ந்து அவருடைய வரிகளைத் திரும்ப எழுதினேன். கோயில்பிள்ளை 'சரியான எடை' ஆனார். அடுத்த ஆள் நாற்காலியில் உட்கார்வதற்குள் என் விரல் தானாக 5.10 அடித்தது, பிறகு 56. பதினேழு புள்ளி ஏழு. சிவப்பு எழுத்தில், 'எடை குறைவு'.

வரிசையை அப்படியே விட்டுவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய் போன் போட்டேன்.

"இருபத்தி மூணு இல்ல. பதினேழு."

"கண்டுபிடிச்சிட்டியா" என்றார். "மஞ்சக்காமாலைளா. ரெண்டு மாசமாச்சு. இப்ப தேறிட்டேன். சொல்ல வாய் வரல. எடையச் சொன்னா புரோகிராம் உனக்குச் சொல்லிரும்னு நெனச்சேன்."

அந்த இருபது வரியை எழுதிய மனிதர். இருபத்தி மூன்று என்று நான் சொன்ன நொடியே கணக்கு தப்பு என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

"அது தப்பாச் சொன்னப்பவாவது சொல்லக் கூடாதா?"

"நீ சிரிச்சேல்லா. அதக் கேட்டு எத்தன நாளாச்சு."

வீடியோவைப் போடுங்கள் என்றேன். நெட் சரியில்லை என்று ஆரம்பித்தார். போடுங்கள் என்று மறுபடி சொன்னேன்.

படம் தெளிவாகவே வந்தது. கன்னம் ஒட்டி, சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடிக்கொண்டிருந்தது.

"வந்துருங்க" என்றேன்.