நீளத் தாளைக் குறுக்கே திருப்பியவர்

தொழிற்சாலை நண்பர்களே, முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற பிறகுதான் ஸ்ரீரங்கத்தில் மாலை வகுப்பில் சேர்ந்து எழுதக் கற்றேன். வரி மேலே ஏறும், கீழே இறங்கும். 'ழ' போட்டால் அதன் வால் அடுத்த வரியைத் தொட்டுவிடுகிறது. ஆனாலும் நானே எழுதுகிறேன் என்பதில் எனக்கு அடங்காத சந்தோஷம். அஞ்சலி எழுதும்போது சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை. நம் கம்ப்யூட்டர் பிரிவு பிலோமினா மேடம் இருந்திருந்தால், "படுங்க மாஸ்டர், யாரு தடுக்குறா?" என்றிருப்பார்.

ஞாயிறு காலை, தொழிற்சாலை கேன்டீனில் என் சமையலைப் பரிமாறிய பாஸ்கர் சைக்கிளில் வந்தார். "மாஸ்டர், கம்ப்யூட்டர் மேடம் போயிட்டாங்க. மாதா கோயில்ல பூசை முடிஞ்சு வந்து நாற்காலியில உக்காந்தவங்க, அப்படியே" என்றார். சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு பாஸ்கரே, "அந்தத் தேங்காய் சாதம் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். சிரித்துவிட்டோம்.

எண்பதுகளின் நடுவில் நம் கேன்டீனில் சாப்பிட்டவர்களுக்கு அது நினைவிருக்கும். மறுநாள் யாருக்கு என்ன சாதம் என்று முதல் நாளே கூப்பன் போடுவீர்கள். மேடத்தின் பிரிவில் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். காலையில் எனக்குத் தாள் வரும். தொழிற்சாலையின் ஒரு பகுதி, ஒரு சாதம், ஓர் எண்ணிக்கை என்று வரிக்கு வரி. அதே பகுதிக்கு அடுத்த சாதம் அடுத்த வரியில். தாள் மேஜையிலிருந்து தரைவரை தொங்கும். எனக்கு எண்கள் தெரியும், டவுன் பஸ்ஸும் தராசும் கற்றுக்கொடுத்தவை. எழுத்து தெரியாது. "கை ஈரமா இருக்கு, நீ படி" என்று பாஸ்கரிடம் நீட்டிவிடுவேன். அவர் படிக்கப் படிக்க மனத்திலேயே கூட்டிக்கொள்வேன். படிக்காதவன் தலைமைச் சமையல்காரனாக இருக்க முடியாது என்பது விதி. என் விஷயம் வெளியே தெரிந்தால் பாத்திரம் தேய்க்கப் போக வேண்டியதுதான்.

ஒருநாள் சாப்பிட வந்த மேடத்திடம், "தாள் நீளமா வருதே மேடம், குறுக்கால வராதா? ஒரு பகுதிக்கு ஒரே வரி, சாதமெல்லாம் பக்கத்துல பக்கத்துல" என்று கேட்டேன்.

"வரும். ஆனா கம்ப்யூட்டர்கிட்ட விலாவாரியா கேக்கணும். ஒவ்வொரு வரியா பாரு, இது தயிரா? ஆமான்னா தயிர் கட்டத்துல கூட்டு, இல்லேன்னா பூஜ்யம்னு எடுத்துக்கோ. அடுத்து எலுமிச்சையா? சாதத்துக்கு சாதம் இதே கேள்வி."

"போலீஸ் விசாரணை மாதிரி இருக்கே."

"அடிக்காமலே உண்மையைச் சொல்லிடும் மாஸ்டர்."

அந்த வாரமே தாள் குறுகியது. முதல் கட்டம் தயிர், அடுத்தது எலுமிச்சை, மூன்றாவது சாம்பார். யாரும் படித்துச் சொல்ல வேண்டாம். இடத்தைப் பார்த்தாலே போதும். நானே தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கேன்டீன் அதிகாரி முன்னால் நடந்தேன்.

பிறகு தேங்காய் சாதம் சேர்த்தார்கள். புதிதாக வந்தது வரிசையின் கடைசியில்தானே நிற்கும் என்று நான் நினைத்தேன். மேடமோ ஆங்கில அகரவரிசைப்படி போட்டிருந்தார். தேங்காய் முதலில் போய் நின்றுகொண்டது, மற்றவை ஒவ்வொரு இடம் தள்ளிப் போயின. சாம்பார் தள்ளிப் போய் நின்ற கடைசிக் கட்டத்தில் பெரிய எண். புதுசு என்பதால் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள் என்று மகிழ்ந்து காலை முழுவதும் தேங்காய் உடைக்க வைத்தேன். மதியம் சாம்பார் சாதம் சீக்கிரமே தீர்ந்துபோனது. தேங்காய் சாதம் மலையாக நின்றது. "என்ன மாஸ்டர், ஆடிப்பெருக்கை இங்கேயே கொண்டாந்துட்டீங்க, காவேரி எங்க?" என்று கேட்டவர் இதைப் படித்துக்கொண்டிருப்பார்.

அதிகாரி தாளோடு வந்தார். "தலைப்பு தெளிவா போட்டிருக்கு. உமக்குப் படிக்கத் தெரியுமா, தெரியாதா?" என்றார். பின்னாலேயே வந்த மேடம், "சார், சொல்லாம கட்டத்தை மாத்தினது நான். அவரை ஏன் கேக்குறீங்க?" என்றார். அதிகாரி முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

அவர் போனதும் மேடம் மெதுவாக, "தலைப்பைப் பாக்கலியா மாஸ்டர்?" என்று கேட்டார்.

"நான் பாத்தேன் மேடம். அதுதான் என்னைப் பாக்கல."

விழுந்து விழுந்து சிரித்தார். வேறெதுவும் கேட்கவில்லை. கதவிலிருந்து ஜன்னல்வரை அடுப்புகளைப் பார்த்தார். எந்த அடுப்பில் எது என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் தாளில் கட்டங்கள் அடுப்பு வரிசையிலேயே இருந்தன. கூப்பன் விழாத சாதத்துக்கும் இடத்தை விடாமல் பூஜ்யம் நின்றது. "இனி புதுசு எது வந்தாலும் ஜன்னல் பக்கம்தான். படிக்கத் தோணுச்சுன்னா சொல்லுங்க. தோணலைன்னா கட்டம் இருக்கு" என்றார். நான் ஓய்வு பெறும்வரை அந்த வரிசை மாறவில்லை. விஷயம் அவர் வாயிலிருந்து யாருக்கும் போகவுமில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: ஒருவருக்குப் புரியவில்லை என்றால் அவரைக் குடையக் கூடாது, தாளைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். மாலை வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் உறையூர்க்காரர் எழுத்துக்களைக் குழப்பிக்கொள்ளும்போது அப்படித்தான் செய்கிறேன். அடுத்த வாரம் மேலப்புதூரில் இருக்கும் மேடத்தின் தங்கைக்கு எழுதப் போகிறேன். கை வலிக்கும், பரவாயில்லை.

அதிகாரி ஐயா அவர்களே, நீங்கள் அன்று கேட்டதற்குப் பதில்: அப்போது தெரியாது. இப்போது தெரியும்.