மூச்சு விட இடம் விட்டுக் கட்டுங்கள்

ஜாக்கெட் தைக்கிறவர்களுக்குத் துணியைக் கையில் கொடுத்ததோடு வேலை முடிந்தது. கார்செட் தைக்கிற எங்களுக்கு அதற்குப் பிறகுதான் தலைவலியே ஆரம்பம்.

கண்ணாடி முன்னால் நின்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அஸ்தினாபுரத்தில் மாடியில் ஒரு சின்னக் கடை. நானும், கூடத் தைக்கும் மல்லிகாவும், இரண்டு மெஷினும். மார்புக்குக் கீழே தொடங்கி இடுப்புவரை பிடிக்கும் கெட்டித் துணி, உள்ளே மெல்லிய ஸ்டீல் பட்டைகள், முதுகில் ஷூ லேஸ் மாதிரி கயிறு. அவ்வளவுதான் கார்செட். புதிதாக வாங்கினால் முதலில் தளர்வாகக் கட்டி, கொஞ்ச நேரம் போட்டுக் கழற்ற வேண்டும். பட்டைகள் உடம்பின் வளைவுக்குப் பழகிய பிறகுதான் இறுக்கலாம். இதைச் சொல்லாமல் ஒருவரையும் அனுப்பியதில்லை. கேட்கத்தான் யாரும் இல்லை.

பம்மல் ஷேர் ஆட்டோ

விற்பதற்கு முன்னால் நாமே போட்டுப் பார்க்க வேண்டாமா? முதல் உருப்படியை நான்தான் கட்டிக்கொண்டேன். தளர்வாகத்தான் கட்டினாள் மல்லிகா. கடைக்குள் நடந்தபோது மகாராணி மாதிரி இருந்தது. அந்தத் தெம்பில் அப்படியே பம்மலுக்குக் கொக்கி வாங்கக் கிளம்பிவிட்டேன்.

ஷேர் ஆட்டோவில் ஏறும்போது ஒரு செருப்பு கழன்று ரோட்டில் விழுந்தது. குனிந்தால் பட்டை விலாவில் குத்துகிறது. உட்கார்ந்து காலை நீட்டினால் எட்டவில்லை. உள்ளே இருந்தவர்களெல்லாம் என்னையே பார்க்கிறார்கள். கடைசியில் டிரைவரே இறங்கி வந்து செருப்பை எடுத்துக் கொடுத்தார். நான் விறைப்பாக உட்கார்ந்திருந்ததை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாக்கா, உள்ள கம்பி கட்டி காங்கிரீட் போட்டுக்கினு வந்துகீறியா?"

சேலையூர் மணப்பெண்

பெனிட்டா பள்ளிக்கூட டீச்சர். சர்ச் கல்யாணத்துக்கு வெள்ளை கவுன், அதற்குள் போட ஒரு கார்செட். "தினமும் கொஞ்ச நேரம் வீட்டில் போட்டுப் பழகும்மா" என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவள் கவரைக்கூடப் பிரிக்கவில்லை. கல்யாணத்தன்று காலையில் அவளுடைய அம்மாவும் சித்தியும் ஆளுக்கொரு பக்கம் கயிற்றைப் பிடித்துத் தேர் இழுப்பது மாதிரி இழுத்திருக்கிறார்கள்.

அழைத்திருந்ததால் நானும் போயிருந்தேன். பாதிரியார் ஜெபத்துக்கு முழங்காலிடச் சொன்னதும் பெண்ணின் முகம் வெளுத்தது. கை மாப்பிள்ளையின் கோட்டைத் தேடியது. ஓடிப்போய் அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிச் சென்று, கவுனின் ஜிப்பை இறக்கி, கயிற்றை அவிழ்த்தேன். ஒரு பெருமூச்சு விட்டாள் பாருங்கள், அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. தண்ணீர் குடித்ததும் முகத்தில் ரத்தம் திரும்பியது. லேசாகக் கட்டி வெளியே அழைத்து வந்தேன். கதவருகே கவலையோடு நின்ற மாப்பிள்ளை அவளைப் பார்த்துச் சிரித்தார். பிறகு மாமியாரிடம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "கட்டிக்கத்தானே ஆன்ட்டி நான் வந்தேன், அதுக்குள்ள நீங்களே கட்டிட்டா எப்படி?"

கங்காம்மாவின் குரல்

கங்காம்மா கடலோரக் குப்பத்திலிருந்து வந்து தாம்பரம் பக்கம் மீன் விற்கிறவர். கூடை தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போகிறது, பெல்ட் மாதிரி ஒன்று வேண்டும் என்று வந்தார். "இது வைத்தியம் இல்லம்மா, முதல்ல டாக்டரைப் பாருங்க" என்றேன். "அவரை அப்பால பாத்துக்கறேன், நீ அளவெடு" என்றார். மல்லிகா அளவெடுத்தாள்.

கார்செட் வாங்கிப்போன வாரமே மாடிப்படியில் அவர் சத்தம் கேட்டது. கையில் கார்செட். இடுப்பு வலிக்கிறதா என்று பயந்து கேட்டேன். அதெல்லாம் இல்லையாம். பக்கத்துக் கடைக்காரி கூவிக் கூவி வாடிக்கையை இழுத்துக்கொள்கிறாளாம். இவருக்கு மட்டும் வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறதாம். கார்செட்டை என் மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "வஞ்சிரம்னு கூவலாம்னா 'வஞ்'சோட நின்னு பூடுது, மீதிய நீ வந்து கூவுறியா?"

மனைவிக்கு ஒரு கார்செட்

பெரும்பாக்கத்திலிருந்து வந்த சாருக்கு நாற்பது வயதிருக்கும். மனைவிக்கு என்றார். அளவு கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "என் சைஸ்தான் மேடம்" என்றார். மல்லிகா மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். நான் சிரிக்கவில்லை. பள்ளி நண்பர்கள் கூடும் விருந்து வருகிறதாம், மனைவிதான் போகிறாராம். சரி என்று தைத்துக் கொடுத்தேன். "சாப்பிடுறதுக்கு முன்னாடி தளர்த்திடச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

விருந்து முடிந்து ஒருநாள் அவரே வந்தார். இப்போது மனைவி பேச்சே இல்லை. "நீங்க சொன்ன மாதிரியே பண்ணேன் மேடம். உள்ள நுழைஞ்சதும் எப்படிடா இவ்ளோ இளைச்சேன்னு ஒரே பாராட்டு. பிரியாணி வந்ததும் பாத்ரூம் போய் கழட்டிட்டு வந்து உட்கார்ந்தேன்" என்றவர், சோகமாக முடித்தார்: "இலையில இன்னும் கையே வைக்கலடா, அதுக்குள்ள எப்படி ஏறுச்சுன்னு கேட்டுட்டானுங்க!"

ஆக, அன்பர்களே, ஊரார் வயிற்றை இறுக்கித்தான் நான் என் வயிற்றை வளர்த்துக்கொண்டிருக்கிறேன்.