அட்டையின் பின்பக்கம்

சின்னம்மாவுக்குப் பிடிவாதம் அதிகம் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு அதிகம் என்று எனக்குத் தெரிந்தது ஒன்பது வயதில். பள்ளிக்கூடம் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டில் விட ஆளில்லாமல் அவர் என்னைத் தன் வேலையிடத்துக்குக் கூட்டிப்போனார்.

நாங்கள் குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து நகரின் மறுகோடியிலுள்ள சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ வரை பஸ்ஸில் தூங்கி வழிந்தேன். அங்கே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் பழைய மருத்துவ அட்டைகளைக் கணினியில் ஏற்றுவது அவருடைய வேலை. அட்டைகள் பசிபிக் கடலில் ஒரு தீவுச் சனங்களுடையவை. அணுகுண்டுச் சோதனையின் சாம்பல் அங்கே மாவைப் போல விழுந்ததாம். அதன்பின் வருடாவருடம் டாக்டர்கள் போய் அந்தச் சனங்களின் இரத்தத்தை எடுத்தார்கள், கழுத்தைத் தடவிப் பார்த்தார்கள். என்ன கண்டார்கள் என்று மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை. இப்போது மிஞ்சியிருப்பவர்களையும் பிள்ளைகளையும் மறுபடி பரிசோதிக்கப் போகிறார்கள்.

ஒவ்வொரு அட்டையிலும் நெஞ்சுக்கு முன்னால் எண் பலகை பிடித்தபடி ஒரு முகம். எண்ணை மட்டும் ஏற்றினால் போதும் என்பது உத்தரவு. ஆனால் பின்பக்கத்தில் அந்த ஊர்க்காரர் யாரோ பென்சிலால் அவரவர் பெயரையும் தகப்பன் பெயரையும் எழுதியிருந்தார். சின்னம்மா அவற்றைத் தனிப் பட்டியலாக எழுதிக்கொண்டிருந்தார். பொறுப்பாளர் வந்து, பெயர் வேண்டாம், அது அந்தரங்கம் என்றார். அவர் பொல்லாத மனிதரும் இல்லை. சின்னம்மா அரைகுறைப் பிரெஞ்சில் ஏதோ கேட்க, அவர் முகம் சிவந்து போய்விட்டார்.

"என்ன கேட்டனீங்கள்?"

"சோதனை முடிவு வந்தா ஆருக்குக் கடிதம் போடப்போறியள், நம்பருக்கோ எண்டு கேட்டனான்."

எனக்கோ பொழுது போகவில்லை. ஒரு தாளில் 39 என்று பெரிதாக எழுதி, நெஞ்சில் பிடித்துக்கொண்டு சுவரோரம் விறைப்பாக நின்றேன்.

"சின்னம்மா, என்னையும் ஒரு படம் எடுங்கோ!"

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் தாளைப் பறித்த வேகத்தில் அதன் மூலை கிழிந்தது. மறுபக்கம் திருப்பி மேசையில் வைத்தார்.

"உன்ர பேரை எழுது. அப்பான்ர பேரையும் எழுது."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினேன். இந்தச் சின்ன விளையாட்டுக்கா இவ்வளவு கோபம் என்று அவர்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது.

மாதக் கடைசியில் அவருக்கு வேலை நீட்டிக்கப்படவில்லை. அதற்குள் பட்டியலை முடித்துப் பொறுப்பாளர் கையிலேயே கொடுத்துவிட்டுத்தான் வந்தார். மறு வருடம் தீவுக்குப் போன கடிதங்கள் பெயர் போட்டே போயின என்று கூட வேலை செய்தவர் சொன்னபோது, சின்னம்மா டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "போச்சுதோ? நல்லது" என்றார், அவ்வளவுதான்.

அந்தக் குளிர்காலத்தில் கையுறை தேடி அவருடைய மேசை லாச்சியை இழுத்துக் கிளறினேன். அகதி முகாமில் கொடுத்த பழைய அட்டை ஒன்று அகப்பட்டது. படத்தில் மெலிந்துபோன சின்னம்மா, நெஞ்சுக்கு முன்னால் எண் பலகை. திருப்பிப் பார்த்தேன். பென்சிலால், அவருடைய கையெழுத்திலேயே, அவர் பெயரும் தாத்தாவின் பெயரும்.

அம்மாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். சின்னம்மா தன் பெயரைத் தானே மறந்துவிடுவோம் என்று பயந்தாரா என்று கேட்டு, விழுந்து விழுந்து சிரித்தேன்.