பந்து எடுக்கப் போகிற தூரம்

என் மகளின் முகத்தைவிட அவள் முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும். பேச்சுக்காகச் சொல்லவில்லை. ஆறாம் வகுப்பில் ஹாக்கி கோல்கீப்பராக நிற்க ஆரம்பித்தவள் கல்லூரி முடியும்வரை நின்றாள். அத்தனை வருடமும் நான் கோலுக்குப் பின்னால் நின்றேன். இடது தோள் இறங்கினால் பயந்திருக்கிறாள். பின்னங்கழுத்தைத் தடவினால் கவனம் எங்கேயோ போய்விட்டது. குதிகால் இரண்டும் தரையை விட்டு எழும்பினால், சரி, இனி கவலையில்லை. இப்போது அவள் கனடாவில் இருக்கிறாள். போனில் வருவதெல்லாம் முகம்தான். அந்த முகத்தை வைத்துக்கொண்டு எனக்கு ஒன்றும் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் எனக்கு சீட் கவர் கடை. பைக், ஆட்டோ, டிராக்டர், எது வந்தாலும் ஃபோம் வைத்து ரெக்சின் தைத்துக் கொடுப்பேன். இளவயதில் ஹாக்கி ஆடினேன். ஓடத் தெரியாதவனைப் பிடித்துக் கோலில் நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான் கதை. பிறகு அதுவே பிடித்துப்போயிற்று. இன்றைக்கும் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் மலையடி மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கோல்கீப்பிங் மட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். கோல் அடிக்க ஆசைப்படுகிறவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். காலில் கட்டுகிற பேட்கூட நான் தைப்பதுதான். என் மகளின் முதல் ஜோடி, யாரோ ஒருவருடைய மொபெட் சீட்டுக்கு வெட்டியதில் மிஞ்சிய பச்சை ரெக்சினில் தைத்தது. "வெட்டுக்கிளி வருதுடீ" என்று கூடப் படிக்கிறவர்கள் கிண்டல் செய்தார்கள். அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து, "அடுத்த தபா கறுப்புல தைச்சிக் குடு நைனா" என்றாள்.

கோல்கீப்பரை உருவாக்க என்னிடம் பெரிய சாஸ்திரமெல்லாம் கிடையாது. விழ, எழ, உதைக்க யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கலாம். கோல் வாங்கிய பிறகு என்ன செய்வது என்பதைத்தான் ஒருத்தரும் சொல்லித் தருவதில்லை. மற்றவர்கள் தப்பு செய்தால் ஓடிப்போய்க் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம். கோல்கீப்பர் எங்கே போவாள்? தப்பு நடந்த இடத்திலேயே நிற்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த பந்தும் அங்கேதான் வரும்.

அதனால் என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன். கோல் விழுந்தால் பந்தை நீயேதான் போய் எடுத்து வர வேண்டும். வேறு யாரும் எடுத்துத் தரக் கூடாது, நானும்தான். எடுக்கப் போகும்போது அழு, திட்டு, என்னையும் சேர்த்துத் திட்டு. ஆனால் கம்பத்துக்குத் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். அப்புறம், என்னைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால்தான் நிற்பேன், ஆனால் இல்லை என்று நினைத்துக்கொள். கோல் வாங்கிவிட்டு என் மூஞ்சியைப் பார்த்தால் அங்கே என்ன கிடைக்கும்? நான் முறைப்பேன், இல்லாவிட்டால் பரிதாபப்படுவேன். இரண்டும் அடுத்த பந்தைத் தடுக்காது.

பந்தை எடுக்கப் போவது எங்கள் மைதானத்தில் தானாக வந்த பழக்கம். எங்கள் கோலுக்கு வலை கிடையாது. ஒருமுறை ஆசை ஆசையாகக் கட்டினோம். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம் வல்லம் பக்கம் போனபோது ஒரு வீட்டுக் கோழிக்கூண்டில் அதே வலையைப் பார்த்தேன். சண்டை போடத்தான் வண்டியை நிறுத்தினேன். உள்ளே குஞ்சுகள் இருந்தன, பேசாமல் வந்துவிட்டேன். வலை இல்லாததால் கோல் போன பந்து பின்பக்கச் சரிவில் உருண்டு, வேலிகாத்தான் முள்ளுக்குள் போய் நிற்கும். போய்வர நல்ல தூரம். பேட்டைக் கட்டிக்கொண்டு நடந்து, குனிந்து, முள்ளை விலக்கி, கையில் கீறல் வாங்கி, மேடேறி வருவதற்குள் எப்பேர்ப்பட்ட அழுகையும் அடங்கிவிடும்.

என் மகள் ஒன்பதாவது படிக்கும்போது முதல்முறையாக ஒரு பெரிய ஊருக்கு ஆடப் போனோம். பச்சைப் பசேலென்று செயற்கைப் புல், வெள்ளை வலை. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் புல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஒரு பந்து அவள் கால்களுக்கு நடுவில் புகுந்து வலையில் விழுந்தது. இவள் என்ன செய்தாள் தெரியுமா? ஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு, கோலைச் சுற்றி, பின்னால் நடக்க ஆரம்பித்துவிட்டாள். பந்து வலைக்குள்ளேயே கிடக்கிறது. இவள் பாட்டுக்கு மைதானத்துச் சுவரை நோக்கிப் போகிறாள். பார்த்தவர்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நடுவர் விசில் ஊதுகிறார், கையை ஆட்டுகிறார். இவள் சுவர் வரைக்கும் போய், அதைத் தொட்டுவிட்டு, என்னைத் தாண்டி, என் முகத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் போய்க் கோலில் நின்றாள். அப்புறம் ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "பந்து வலையிலதான இருந்துச்சு? எதுக்கும்மா அவ்ளோ தூரம் போன?"

"தெரியும் நைனா. பந்து எங்க கெடந்தா இன்னா? நான் போய்ட்டு வரணும்ல?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெருமையில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காற்றில் தூசு விழுந்ததாகச் சொல்லிச் சமாளித்தேன்.

படித்தாள். மேல்படிப்புக்குக் கனடா போனாள். அங்கேயே ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலையும் கிடைத்தது. போனில் தினமும் "சாப்டியா நைனா?" என்பாள், நான் "நீ சாப்டியா?" என்பேன், பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஒருநாள் அவளாகவே சொன்னாள்: "இங்க எனக்குன்னு ஒன்னும் இல்ல நைனா. வேலைக்குப் போறேன், வர்றேன், தூங்குறேன். தை பொறக்க வேலை ஒப்பந்தம் முடியுது. மொத்தமா வந்துடலாம்னு இருக்கேன்."

அடேயப்பா, அன்றைக்கு எங்கள் வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். அவளுடைய மாடி அறையில் அடுக்கியிருந்த மணிலாக்கொட்டை மூட்டைகளை என் மனைவி அன்று மாலைக்குள் கீழே இறக்க வைத்துவிட்டாள். நான் அவள் படிக்கிற நாற்காலியைக் கடைக்குக் கொண்டுபோய்ப் புது ஃபோம் வைத்தேன். கறுப்பு ரெக்சின்தான். உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தேன், மெத்தென்று இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஐஸ் ஹாக்கி வந்து சேர்ந்தது. அவளோடு வேலை செய்கிற பெண்கள் சேர்ந்து ஒரு டீம் வைத்திருந்தார்களாம். கோலில் நிற்க ஆளில்லையாம். எந்த நாடாக இருந்தாலும் அந்த இடத்துக்கு ஆள் கிடைக்காது போலிருக்கிறது. "நான் நின்னுருக்கேன்" என்று இவள் வாயைக் கொடுத்துவிட்டாள். எனக்குத் தெரிந்த ஐஸ் என்றால் மீன் கடையில் இருப்பது, சர்பத்தில் போடுவது. அதன்மேல் கத்தி வைத்த ஷூவைப் போட்டுக்கொண்டு நிற்கிறாளாம். பந்துகூடக் கிடையாது, ஊறுகாய் பாட்டில் மூடி மாதிரி ஒரு கறுப்பு ரப்பர் வட்டு. நிற்பதற்கே விழுந்து விழுந்து எழுந்தாள். முழங்கால் வீக்கத்தை போனில் காட்டிச் சிரித்தாள்.

கொஞ்ச நாளில் சிரிப்பு நின்றுவிட்டது. ஒருநாள் காலை கூப்பிட்டாள், குரல் கம்மியிருந்தது. "ஒன்னு உள்ள போனா அடுத்தடுத்து போய்க்கினே இருக்குது நைனா. எல்லாரும் நல்லாத்தான் பேசுறாங்க. எனக்குத்தான் அசிங்கமா இருக்குது. விட்டுடலாம்னு பார்க்குறேன். எப்படியும் தைக்கு வந்துடப்போறேன்ல?"

'விடும்மா, வந்துடு' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சத்தியமாகச் சொல்கிறேன், நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்த நாட்டில் அவளைப் பிடித்து வைத்திருக்கிற ஒரே கயிறு இந்த ஆட்டம்தான் என்று எனக்குத் தெரியும். அது அறுந்தால் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் அழுதுகொண்டு கோலை விட்டுப் போகிற பிள்ளையை நான் எப்படிப் பார்ப்பேன்? வாய் வேறு ஏதோ கேட்டது.

"கோல் விழுந்ததும் இன்னா பண்ற?"

"இன்னா பண்றது? வட்டு வலையில இருக்கும், நடுவர் எடுத்துக்கினு போய்டுவார். எனக்கு ஐஸ்ல ஒழுங்கா நடக்க வராது. அங்கயே நிக்கிறேன்."

அதுதானே பார்த்தேன். பிள்ளைக்குப் போய்வர இடமே இல்லை. அவள் அனுப்பியிருந்த படமொன்றில் கோலின் உச்சியில் ஏதோ ஒன்று இருந்தது ஞாபகம் வந்தது. "கோல் மேல இன்னா வச்சிருக்கீங்க?"

"தண்ணி பாட்டில் நைனா. எல்லா கோல்கீப்பரும் வைப்பாங்க."

"கோல் விழுந்ததும் அத எடு. ஒரு வாய் ஊத்திக்க, முழுங்காத. அழுவியோ திட்டுவியோ, தண்ணி வாயில இருக்கிற வரைக்கும்தான். பாட்டில வச்சிட்டு முன்னால பார்த்து நில்லு. நின்னுட்டு முழுங்கு. முழுங்கிட்டியா, முடிஞ்சுது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். திரும்பி மட்டும் பார்க்காத."

போனை வைத்ததும் என் மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். "மனுசனாய்யா நீ? பொண்ணு தானா வர்றேன்னு சொல்லுது. வாடி கண்ணுன்னு கூப்பிடறத விட்டுட்டு தண்ணி குடிக்கச் சொல்லிக் குடுத்துக்கினு இருக்கிற!"

"கோல் வாங்கிட்டு ஓடியாந்த பொண்ணு இங்க வந்து இன்னாடி பண்ணும்?"

"என்கூட இருக்கும்" என்றாள்.

நான் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தண்ணீர் வேலை செய்தது. பேச்சில் டீம் வந்தது, ஆட்டம் முடிந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போவது வந்தது, என்னை 'நைனா' என்று கூப்பிடக் கற்றுக்கொண்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். தைக்கு வருகிற பேச்சு குறைந்துபோயிற்று. நான் கேட்கவில்லை. மாடி அறையைத் தினமும் பெருக்கி வைக்கிற என் மனைவியும் கேட்கவில்லை.

போன வாரம் ஒருநாள் காலை மைதானத்தில் பிள்ளைகள் பேட் கட்டிக்கொண்டிருந்தார்கள். கனடாவில் அப்போது ராத்திரிச் சாப்பாட்டு நேரம். அந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் கையில் அடி, அதனால் அவள் ஆடவில்லை. கோலுக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்போரம் நின்று ஆட்டத்தை எனக்கு போனில் காட்டினாள். எவ்வளவோ மாதங்களுக்குப் பிறகு என் மகளின் முதுகைப் பார்த்தேன். கனமான சட்டை, உள்ளே என்னென்னவோ திணித்து, பீரோ மாதிரி இருந்தது. இருந்தாலும் அந்த இடது தோளை எனக்குத் தெரியாதா?

வட்டு உள்ளே போனது. தோள் இறங்கியது. கை நீண்டு பாட்டிலை எடுத்தது, தலை அண்ணாந்தது, பாட்டில் பழைய இடத்துக்குப் போனது. பின்னால் போனில் நான் இருக்கிறேன் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். திரும்பாதே திரும்பாதே என்று மனசுக்குள் கத்தினேன். ஒரே ஒரு தடவை திரும்பிப் பாரேன்டி என்றும் அதே மனசு கெஞ்சியது. அவள் திரும்பவில்லை. முன்னால் பார்த்து நின்றாள். முழுங்கியிருப்பாள், தோள் நிமிர்ந்தது.

ஆட்டம் முடிந்து, நனைந்த தலையோடு போனை வாங்கினாள். "நைனா, பார்த்தியா? நான் திரும்பவே இல்ல."

"பார்த்தேம்மா."

"அப்புறம்... தைக்கு வரல நைனா. வேலைய நீட்டிச்சுக் குடுத்துட்டாங்க. சரின்னுட்டேன். கோவமா?"

"சேச்சே, கோவம் இன்னா கோவம். நல்லா நின்னம்மா" என்றேன். நிஜமாகவே நன்றாக நின்றாள்.

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கோலுக்குப் பின்னால் போய் நின்றேன். முதல் அடியே உள்ளே வந்து, என்னைத் தாண்டிச் சரிவில் உருண்டது. கோலில் நின்ற பிள்ளை வழக்கம்போல் எடுக்கக் கிளம்பினாள்.

"நீ நில்லு. நான் எடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

பிள்ளைகள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நான் சரிவில் இறங்கிப் போனேன். பந்து உள்ளே போகாமல் முள்ளின் ஓரத்திலேயே கிடந்தது. குனிந்து எடுத்தேன். வேலிகாத்தானைப் பார்த்தபடியே நின்றேன்.

மேலேயிருந்து அந்தப் பிள்ளை கூப்பிட்டது. "சார், இன்னும் கெடைக்கலியா?"

பந்தை நெஞ்சோடு வைத்து அழுத்திக்கொண்டேன்.

"தேடிக்கினு இருக்கேம்மா" என்றேன்.