மக்காச்சோள மூட்டையும் அரை ஸ்குவாட்டும்

முதலில் ஒரு மன்னிப்பு. உங்களிடம் இல்லை, நீங்கள் அச்சில்தான் படிக்கிறீர்கள். பத்திரிகை ஆபீசில் என் காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து டைப் அடிக்கிறாரே, அவரிடம். என் கையெழுத்து எப்போதுமே கோழி கிண்டிய மாதிரிதான். படித்தது அஞ்சாவது. எங்கே எந்த ‘ர’ போடுவது என்று இன்னும் பிடிபடவில்லை. அதோடு இந்த வாரம் கை வேறு நடுங்குகிறது... ஏன் என்று சொல்கிறேன்.

பெரம்பலூரில் ஒரு மக்காச்சோளக் குடோனில் நான் மூட்டை தூக்குவது பழைய வாசகர்களுக்குத் தெரியும். போன ஐப்பசியில் முதுகில் மூட்டையோடு லாரிப் பலகையில் ஏறினேன். வலது முட்டி மடங்கிவிட்டது. விழவில்லை, பின்னால் வந்தவர் தாங்கிக்கொண்டார். ஆனால் எங்கள் மேஸ்திரி பார்த்துவிட்டார்.

மறுநாள் என் கையில் கோணி ஊசியைக் கொடுத்தார். மூட்டை வாய் தைக்கிற வேலை. எங்கள் குடோனில் அது முடியாதவர்களுக்கு. ஊசி கைக்கு வந்தவர் யாரும் திரும்ப மூட்டைக்குப் போனதில்லை.

“தையில லோடு குமியும். அதுக்குள்ள காலைச் சரி பண்ணிக்க. இல்லாட்டி ஊசியே இருக்கட்டும்” என்றார்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பில் ஒன்றுமில்லை, தொடைச் சதைதான் இளைத்துவிட்டது, பயிற்சி செய்தால் முட்டி தாங்கும் என்றார்.

பயிற்சி என்றால் ஜிம். பெரம்பலூரிலேயே ஜிம் இருக்கிறது. ஆனால் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால்? நான் டீக்கடையிலேயே ஓரமாக நின்று குடிக்கிறவன். அதனால் பஸ் ஏறி அரியலூர் போனேன்.

அங்கே ட்ரெய்னர் ஒரு பெண்! பெயர் செல்வி. மீன்சுருட்டிப் பக்கம், கபடி ஆடியவர். நான் வாசலிலேயே திரும்பியிருப்பேன். அதற்குள் “வாங்கண்ணே” என்றுவிட்டார். என்ன வேலை என்று கேட்டார். வாரப் பத்திரிகையில் எழுதுகிறேன் என்றேன். பொய் இல்லையே? மூட்டையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பாதி உண்மைக்கு என் முட்டி பதில் சொன்னது. நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கிற ஆள் என்று நினைத்து, தரையை ஒட்டி உட்கார்ந்து எழும் முழு ஸ்குவாட்டில் ஆரம்பித்தார் செல்வி. இறங்கினேன். இறங்கியது இறங்கியதுதான். அவர்தான் கை கொடுத்துத் தூக்கினார். பக்கத்தில் கையெல்லாம் பச்சை குத்திய ஒருவர் சிரித்தார். இரண்டு வாரம் இதே கதை. முட்டி வீங்கியது. இனி ஊசிதான் என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

கடைசியாக ஒரு நாள் போனேன். எடை இல்லாமல் வெறும் இரும்பு பாரை மட்டும் தோளில் வைத்துப் பார்ப்போம் என்றார் செல்வி. நான் பழக்கதோஷத்தில் திரும்பி நின்று, கொஞ்சம் குனிந்து, முட்டியை லேசாக மடக்கி, இரண்டு கையையும் பின்னால் நீட்டிக் காத்திருந்தேன். செல்வியும் பச்சை குத்தியவரும் ஒன்றும் புரியாமல் பாரை எடுத்து என் முதுகில் வைத்தார்கள்.

வைத்ததும் நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

என்ன செய்வது? முப்பது வருஷமாக முதுகில் பாரம் ஏறினால் என் காலுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கண்ணாடியைத் தாண்டி, தண்ணீர் கேனைத் தாண்டி, வாசல் வரைக்கும் போய்விட்டேன்.

“அண்ணே, எங்க போறீங்க?”

“எங்கங்க இறக்கணும்?”

ஜிம்மே நின்று சிரித்தது. செல்வி மட்டும் சிரிக்கவில்லை. பாரை வாங்கி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார். “நெசத்தைச் சொல்லுங்கண்ணே. நீங்க லோடு தூக்குறவங்களா?”

சொன்னேன். முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா என்று திட்டினார். மூட்டை எப்படி முதுகுக்கு வரும் என்று செய்துகாட்டச் சொன்னார். எங்கள் வேலையில் தரையிலிருந்து தனியாக யாரும் தூக்குவதில்லை. இரண்டு பேர் தூக்கிக் கொடுப்பார்கள். நாம் கொஞ்சம் மடங்கி வாங்கிக்கொண்டு எழ வேண்டும். அந்த மடங்கலில் என்னை அப்படியே நிற்கச் சொல்லி, ஸ்டாண்டில் அந்த உயரத்துக்கு இரண்டு கம்பிகளைச் செருகினார். பார் அதற்குக் கீழே போகாது. அங்கிருந்து எழ வேண்டும், அங்கேயே இறக்க வேண்டும். அரை ஸ்குவாட்.

வலிக்கவில்லை! வாரா வாரம் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்.

“அரை ஸ்குவாட்டுன்னா ஃபீஸும் அரையா, மாஸ்டர்?” என்றார் பச்சை குத்தியவர்.

“அவரு அந்த எடத்துலதான் எடை வாங்குறாரு. வாங்குற எடத்துல பலம் வேணுமா, தரையில வேணுமா? நீங்க முழுசா உக்காந்து எந்திரிக்கிறீங்களே, அவரு தூக்குற மூட்டையில ஒண்ணு தூக்கிருவீங்களா?”

அதற்கப்புறம் பச்சை குத்தியவரே எனக்குப் பாரில் எடைத் தட்டு மாட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். நல்ல மனுஷன்தான்.

ஆனால் செல்வி என்னை அதோடு விடவில்லை. எடை இல்லாமல், தூணைப் பிடித்துக்கொண்டு, தினமும் ஒரு விரல்கடை கூடுதலாக இறங்கச் சொன்னார். அரை என்பது நிற்கிற இடம் இல்லையாம், ஆரம்பிக்கிற இடமாம்.

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். தரையைத் தொட்டால்தான் கணக்கு என்று நமக்கு யார் சொன்னது? நானும் அஞ்சாவது வரைதான் போனேன். அந்த அளவுக்குள்தான் வாரா வாரம் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்களும் படிக்கிறீர்களே!

நேற்று குடோனில் மூன்று லாரி. மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஊசியைத் தகர டப்பாவில் போட்டுவிட்டுப் போய்த் திரும்பி நின்றேன். அவரே ஒரு பக்கம் பிடித்து மூட்டையை வைத்தார். மடங்கினேன். வாங்கினேன். எழுந்தேன். முட்டி கம்மென்று இருந்தது.

எழுந்தவன் நடந்திருக்கலாம். நின்ற இடத்திலேயே மறுபடி மடங்கி எழுந்தேன். இன்னொரு தடவையும். வாய் தானாக “மூணு” என்றது.

“யோவ் எழுத்தாளரே, என்னய்யா அங்கயே உக்காந்து உக்காந்து எந்திரிக்கிற? லாரி இந்தப் பக்கம் நிக்குது” என்றார் மேஸ்திரி.

சாயங்காலம் வரை ஏற்றினேன். அதுதான் கை நடுக்கம். கால் நடுங்கவில்லை.

தை இருபத்திரண்டு.