தெரிந்து கழற்றிய கம்பி

“கை!”

பீரோக் கதவைச் சாத்துவதற்கு முன் ஆரோக்கியசாமி இப்படி ஒரு குரல் கொடுப்பார். வீட்டிலிருப்பவர்கள் “இல்ல” என்று சொன்ன பிறகுதான் கதவு மூடும். மிக்ஸியைப் போடுவதற்கு முன்னும் அப்படித்தான். வாணியம்பாடி போகும் டவுன் பஸ்ஸில் மழை பிடித்துக்கொண்டால், முன் இருக்கையில் இருப்பவர் யாரென்றே தெரியாவிட்டாலும் “கை!” என்பார். சிலர் சிரிப்பார்கள், சிலர் பயந்துபோய் இரண்டு கைகளையும் தூக்கிவிடுவார்கள். பதில் வராமல் ஜன்னல் ஷட்டரை இறக்க மாட்டார். நனைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் பிரஸ் ஓட்டுகிறார். பதனிட்ட தோலைச் சூடான தகட்டுக்கு அடியில் வைத்து அழுத்திப் பளபளப்பு ஏற்றுகிற இயந்திரம் அது. ஒருவர் தோலைச் சுருக்கமில்லாமல் நீவி உள்ளே தள்ளுவார். எதிரே நிற்பவர் பெடலை மிதிப்பார். நீவுகிற கை உள்ளே இருக்கும்போது தகடு இறங்காமல் தடுக்க, முன்புறம் ஒரு கம்பி இருக்க வேண்டும். போன ஆடி மாதம் அந்தக் கம்பி அங்கே இல்லை. ஆரோக்கியசாமியின் கால் பெடலில் இறங்கியபோது ஷாஹித்தின் வலது கை உள்ளே இருந்தது.

அன்றிலிருந்து ஆரோக்கியசாமிக்கு மன்னிப்புக்குப் பஞ்சமில்லை. முதலில் மன்னித்தவர் ஷாஹித்தே. இருவரும் வாலிபத்திலிருந்து ஒரே பிரஸ்ஸில் எதிரெதிரே நின்றவர்கள். ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்தவர், “நீ வேணும்னா மிதிச்ச? உட்றா தோஸ்து. நா எப்பவோ மாஃப் பண்ட்டேன். சும்மா வந்து அழுது பேஜார் பண்ணாத” என்றார்.

“நீ மாஃப் பண்ட்டா கம்பி தானா ஏறி உக்காந்துக்குமா?” என்று ஆரோக்கியசாமி திருப்பிக் கேட்டார்.

கம்பி ஒன்றும் தானாக விழுந்துவிடவில்லை. ஒவ்வொரு தோலுக்கும் அது ஏறி இறங்குவதால் வேலை மந்தப்படுகிறது, கப்பல் காத்திருக்காது என்று மேனேஜர் இன்பராஜ் கழற்றச் சொன்னார். மெக்கானிக் கழற்றினான். அவனிடம் சரியான ஸ்பேனர் இல்லை. தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் ஆரோக்கியசாமி.

இதைத்தான் அவர் கோயிலில், சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார். அங்கே பேசியதைச் சாமியார் வெளியே சொல்லக் கூடாது; ஆரோக்கியசாமிக்கு அப்படித் தடை ஏதும் இல்லை. தெருவில் யார் கேட்டாலும் சொல்கிறார். அந்த இளம் பங்குச் சாமியார், “தெரியாம, மனசு ஒப்பாம நடந்தது பாவம் ஆகாதுப்பா. கால் தவறிப்போச்சு, அவ்ளோதான். நிம்மதியா போ” என்றாராம்.

“கால சொல்ல வர்ல சாமி. கம்பிய சொல்றேன். கால் எறங்கினது தப்பு. அது எனுக்கே தெரியாது. கம்பி இல்லன்றது எனுக்குத் தெரியும். ஸ்பேனர் குடுத்துட்டு வாய மூடிக்கினு நின்னேன். அது பாவம். ரெண்டையும் ஒரே மூட்டையா கட்டாதீங்க.”

சாமியார் சில ஜெபங்களைப் பரிகாரமாகச் சொல்லியிருக்கிறார். “வாயால செய்றதெல்லாம் வேணாம் சாமி, வாய மூடினதால வந்த வினைதான இது” என்று எழுந்து வந்துவிட்டார். ஜெபத்தையும் விட்டுவைக்கவில்லை, வீட்டுக்குப் போகும் வழியிலேயே சொல்லி முடித்துவிட்டார்.

தெரிந்து, மனம் ஒப்பிச் செய்வதே பாவம்; தெரியாமல் நேர்வது தவறு. அவருடைய திருச்சபை போட்ட கோடு இது. சொர்க்கமும் நரகமும் கட்டுக்கதை என்பவர்கூட இந்தக் கோட்டை அழிக்க மாட்டார். ஆனால் லாபத்தின் பக்கம் போனதும் கோடு வளைந்துவிடுகிறது. தெரிந்தே செய்ததெல்லாம் விபத்து நடந்த மறுநாள் ‘மிஸ்டேக்’ ஆகிவிடும். மனிதத் தவறு என்பார்கள். எந்த மனிதன் என்று கேட்டால், பெடலை மிதித்தவனைக் காட்டுவார்கள். கழற்றச் சொன்னவன் மனிதக் கணக்கிலேயே வருவதில்லை.

இன்பராஜ் ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவர். நல்ல குரல். அதே குரலில் ஆரோக்கியசாமியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: “ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாரு ஆரோக்கியம். தவறுதலா மிதிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. மனுஷன்னா மிஸ்டேக் வரும். உன் வேலைக்கு நா பொறுப்பு.”

“அது உண்மதான் சார். ஆனா பாதிதான் உண்ம.”

“மீதிய யாரு கேட்டா?”

வீட்டிலும் அதே கேள்விதான், வேறு சூட்டில். ஞானஸ்நானத்தில் என்ன பெயர் வைத்தார்களோ, தெருவுக்கு அவர் மனைவி எல்லம்மாதான். “யோவ், ஊர்ல அவனவன் பாவம் பண்ணிட்டு இல்லன்னு சத்தியம் பண்றான். உனுக்கு இன்னா அதுல அவ்ளோ ஆச? அவங்களே தப்புன்னு சொல்லி உட்றாங்க. வாங்கிக்கினு வர்றதுக்கு இன்னா கேடு?”

ஆரோக்கியசாமி சோற்றைப் பிசைந்தபடி, “ஷாஹித் எடத்துல இப்ப யாரு நிக்கிறா தெரியுமா? சௌந்தர்யா. காலேஜ் படிச்ச பொண்ணு. கம்பி இன்னும் டிரம்முங்க பின்னாலதான் கெடக்குது” என்றார். எல்லம்மா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றார்.

சௌந்தர்யாவுக்கு இவர் ஒரு வேடிக்கை. “இன்னாணா, நாள் பூரா கை, கைன்ற? ரேகை பாக்கப் போறியா?” என்பாள். “ஆயுசு ரேக இருக்கட்டும். வெரலு இருக்குதான்னு பாக்கறேன்” என்பார். அவள் சிரிப்பாள், ஆனால் பதில் சொல்லத் தவறமாட்டாள்.

வேலூரிலிருந்து தொழிற்சாலை ஆய்வாளர் வந்த காலையில், டிரம்களுக்குப் பின்னால் கிடந்த கம்பி பிரஸ்ஸில் ஏறியிருந்தது. மஞ்சள் பெயின்ட் இன்னும் காயவில்லை. ஆய்வாளர் சுற்றிப் பார்த்தார். ஏசி அறையில் டீ குடித்தார். ஆரோக்கியசாமியை வரச் சொன்னார்.

“தவறுதலா நடந்ததுதானே?”

“மிதிச்சது தவறுதலா சார். கம்பிய கழட்னது தெரிஞ்சி. நானுந்தான் தெரிஞ்சி. இன்னிக்குக் காலைலதான் மாட்னாங்க, தொட்டுப் பாருங்க, கையில ஒட்டும்.”

இன்பராஜ் வருத்தமாகச் சிரித்தார். “அந்த ஆக்சிடென்ட்லேர்ந்து ஆளு கொஞ்சம் சரியில்ல சார்.” ஆய்வாளர் தலையசைத்தார். எழுதினாரா என்பது ஆரோக்கியசாமிக்குத் தெரியவில்லை. தொட்டுப் பார்க்க ஆய்வாளர் எழுந்திருக்கவில்லை. அது மட்டும் தெரிந்தது.

ஜீப் கேட்டைத் தாண்டிய சத்தம் அடங்குவதற்குள் மெக்கானிக் பிரஸ் அருகே வந்து நின்றான். பின்னால் இன்பராஜ். “நாளைக்கு கண்டெய்னர் ஏத்தணும். சீக்கிரம் கழட்டு.” சௌந்தர்யா ஒரு தோலை நீவக் கையில் எடுத்தவள், இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஆரோக்கியசாமி பெடலை விட்டு விலகினார். சுவரோரம் போய் மெயின் சுவிட்சை அணைத்தார். ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திரும்பி வந்து, அந்த ஈர மஞ்சள் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.