மரியானின் முகம் வராத நகல்

பழைய துறைமுகச் சாலையில் ஜீவமணி அக்காவின் ஜெராக்ஸ் கடையில் நான் லேமினேஷன் போடுகிறேன். அக்கா முன்பு இறால் கம்பெனியில் பத்து வருஷம் தலை கிள்ளியவள். ஐஸில் விரல்கள் மரத்துப்போகவே விட்டுவிட்டாள். ஜெராக்ஸ் மெஷின் அவளுக்குப் பாதிதான் பிடிபட்டது.

ஒருநாள் காலையில் பெரியதாழை மரியான் அண்ணன் வந்தார். மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போகும் தோணியில் அவருக்கு வேலை. மதியத்துக்குள் மாலுமிப் புத்தகத்தில் அவர் படம் ஒட்டிய முதல் பக்கத்தின் நகலைத் தோணி ஆபீஸில் கொடுக்காவிட்டால் வேறு ஆளை ஏற்றிவிடுவார்கள். புத்தகம் உப்புத்தண்ணீர் பட்டுப் பழுப்பேறியிருந்தது.

அக்கா எழுத்துக்கான பொத்தானை அழுத்தினாள். பெயரும் எண்ணும் பளிச்சென்று வந்தன. முகம் கறுப்புக் கட்டியாகிவிட்டது.

"ஏளா ஜீவமணி, என்னையக் கரிச்சட்டி ஆக்கிட்டியே. மூக்கு எங்கன?"

"வெயில்ல கருத்துட்டு மெஷினக் கொற சொல்லுதியளா?"

படத்துக்கான பொத்தானில் முகம் தெளிவாக வந்தது. ஆனால் எண்கள் பொடிப்பொடியாகச் சிதறி, எட்டா மூன்றா என்றே தெரியவில்லை.

எழுத்துப் பொத்தானில் மெஷின் ஒவ்வொரு இடத்தையும் கறுப்பா வெள்ளையா என்று மட்டும்தான் பார்க்கும் என மெக்கானிக் சொல்லியிருந்தார். அப்படியானால் படப் பொத்தானில் மட்டும் சாம்பல் நிறம் எப்படி வருகிறது? அதில் வந்த முகத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சாம்பலே இல்லை. எல்லாம் கறுப்புப் புள்ளிகள். கன்னத்தில் விலகி விலகி, முடியில் நெருக்கமாக.

அக்கா அந்த முகத்தை வெட்டி முதல் நகலில் ஒட்டி, மறுபடி எழுத்துப் பொத்தானையே அழுத்தினாள். முகம் வந்துவிட்டது!

"இதே பொத்தான்தானளா மொதல்ல முகத்தத் தின்னுச்சு?" என்றாள். எனக்கும் குழப்பம். முகம் ஏற்கெனவே கறுப்பு வெள்ளைப் புள்ளியாகிவிட்டதால் மெஷினுக்குத் தீர்மானிக்க ஒன்றும் மிச்சமில்லையோ என்னவோ.

நகலோடு போன அண்ணன் அரைமணி நேரத்தில் தோணி ஆபீஸிலிருந்து போன் செய்தார். "முகத்தச் சுத்திக் கோடு கெடக்காம். வேற ஆளு படத்த ஒட்டிருக்கேன்னு சொல்லுதாவ!"

வெட்டிய ஓரம் நகலில் விழுந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. அக்கா ஷட்டரை இறக்கினாள். கரிமுகம் விழுந்த முதல் நகலையும், வெட்டி ஓட்டையான தாளையும், அந்த நகலிலிருந்து உரித்தெடுத்த முகத்தையும் எடுத்துக்கொண்டு தோணி ஆபீஸுக்கு ஓடினோம்.

அங்கிருந்த கிளார்க் எல்லாவற்றையும் புத்தகத்தோடு பொருத்திப் பார்த்தார். "இதுல எதும்மா நெசம்?"

"எல்லாமே நெசம்தான் சார். ஒண்ணுல முகம் இல்ல, ஒண்ணுல நம்பர் இல்ல" என்றாள் அக்கா.

அவர் சிரித்துவிட்டார். ஒட்டுப்போட்டு எடுத்த நகலை அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கரிமுக நகலையும் வெட்டிய முகத்தையும் சேர்த்துப் பின் அடித்துக் கையெழுத்துப் போட்டார். அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு தோணிக்கு ஓடினார்.

திரும்பும் வழியெல்லாம் அக்கா கையிலிருந்த அந்த ஒட்டு நகலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எல்லாம் சரியா இருக்கது இதுதானளா. இத ஏன் வேண்டாம்னாரு?"